பட்டு சாப்பிட்டாளாம்

எங்கள் ஊரில் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் சாவியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது ப்ரேமன். ஜெர்மனியின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஊர். மயிலாப்பூரில் இருக்கும் என் உறவுக்காரர்கள் இதைப் படித்தால், 'அது எப்போலேருந்து இவ ஊராச்சு?' என்று கேட்பார்கள் என்பதும் தெரியும். நான் அங்கே குடிபோன முதல் கோடையில், அதுவரை படிக்கட்டில் ஒரு 'ஹலோ'வுக்கு மேல் பேசியிராத எதிர்வீட்டு ஹைக்கே ஒரு காலையில் மணியடித்தார். கையில் சாவி. "நாளைக்கு உர்லாப் போகிறேன். என் ஓட்டோவுக்குக் காலையும் மாலையும் சாப்பாடு வைக்க முடியுமா?" உர்லாப் என்றால் விடுமுறை, அங்கே அது பண்டிகையைவிடப் பெரிய விஷயம். ஓட்டோ அவருடைய பூனை. என் பெயரைக்கூட அவர் தப்பாகத்தான் உச்சரித்தார், ஆனால் வீட்டை முழுசாக ஒப்படைத்துவிட்டுப் போனார். எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் முப்பது வருடம் பழகிய மாடி வீட்டு மாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாலும், அம்மா பீரோ சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் ரயில் ஏறுவாள். எனக்கு அந்தச் சாவியைக் கையில் வாங்கவே கூச்சமாக இருந்தது.

போகப் போக அந்தச் சாவிக்குப் பின்னால் ஒரு கறாரான ஒப்பந்தம் இருப்பது புரிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும். பூனை வாந்தி எடுத்தால் வாந்தி எடுத்தது என்று எழுத வேண்டும். ஜாடி உடைந்தால் உடைந்தது என்று. அவர்கள் கடற்கரையில் படுத்திருக்கிறார்களே, இப்போது எதற்கு என்ற தயக்கமெல்லாம் கிடையாது. அது அவர்களுடைய பூனை, அவர்களுடைய ஜாடி, அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் முறை எனக்கு வந்தது, அம்மா போனபோது. பெரியப்பா பையன் ரமணி போன் செய்தான். ஊராரிடம் சொல்லிப் பழகிய வாயால் "மாமிக்கு" என்று ஆரம்பித்து, பேசுவது என்னிடம் என்பது ஞாபகம் வந்தவனாக, "சித்திக்குக் கொஞ்சம் சீரியஸ்டி. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. டிக்கெட் கெடச்சா கெளம்பி வந்துடேன்" என்றான். வெளிநாட்டில் இருக்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் இந்தப் போனுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. எனக்கும் தெரியும். ஆனாலும் வழி முழுக்க என்னோடு நானே வாதாடிக்கொண்டு வந்தேன், இந்த ஒரு தடவை நிஜமாகவே கொஞ்சம் சீரியஸாக மட்டும் இருக்கலாமே என்று. மீனம்பாக்கத்தில் ரமணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டதற்கு, "மொதல்ல ஆத்துக்குப் போலாம், வா" என்றான். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டும்வரைகூட நான் நம்பிக்கையை விடவில்லை. வீட்டு வாசலில் செருப்புகளைப் பார்த்தபிறகுதான் விட்டேன்.

பதின்மூன்று நாள் காரியத்துக்கு நடுவில் ஹைக்கேயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பால்கனியில் நான் பெரிய பாடுபட்டு வளர்த்துவந்த கறிவேப்பிலைச் செடியை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். 'உன் சின்ன மரம் செத்துவிட்டது. நான் முயன்றேன். வருந்துகிறேன்.' படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, இந்த அம்மாளுக்குச் செடியைப் பற்றிச் சொல்ல இதுதான் நேரமா என்று. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு செடி செத்ததை என்னிடம் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். என் அம்மா செத்ததைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அம்மா போய் நான் ப்ரேமன் திரும்பிய வாரத்தில் அப்பாவிடம் பட்டு வந்து சேர்ந்தாள். சமையலறைப் பால்கனி வழியாக உள்ளே வந்த சாம்பல் வரிப் பூனை. அம்மா இருந்தவரை ஒரு பூனையும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. விளக்குமாறு பறந்து வரும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு, எதிர் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்ட ஒரு ஜீவன் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பட்டுவைப் பற்றிப் பத்து சேதி சொல்வார். அதில் முக்கியமான சேதி, அவள் சைவம் என்பது. "நம்மாத்துப் பூனை மோர்சாதம்தான் சாப்பிடும். மத்ததெல்லாம் மோந்துகூடப் பாக்காது" என்பார். பேத்தி பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியதைச் சொல்கிற தாத்தாக்களின் குரல் அதில் இருக்கும்.

மூன்று மாதம் என்னோடு வந்து இருங்கள் என்று நான் நச்சரிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நான் அங்கே தனியாக இருக்கிறேன். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. என் வீட்டில் அவர் ஒரு கோடையாவது இருக்க வேண்டும், என் சமையலறையில் காப்பி குடிக்க வேண்டும், நான் எப்படி வாழ்கிறேன் என்று ஒரு முறையாவது அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது. அவர் சொன்ன ஒரே தடை: "நான் வந்துடுவேன். பட்டுவை யார் பாத்துப்பா?"

ஆகவே போன வசந்தத்தில் நான் சென்னைக்கு வந்தது அப்பாவை அழைத்துப் போக என்பதைவிட, பூனைக்கு ஏற்பாடு செய்ய என்பதே சரி. முதலில் வேளச்சேரியில் ஒரு பூனை விடுதியைப் பார்த்தேன். குளிர்சாதன அறை, சுவரில் அடித்த பலகைகளின்மேல் வரிசையாகப் பூனைகள், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனில் பார்த்துக்கொள்ள கேமரா. அங்கே இருந்த பெண், "உங்க பேபி என்ன டயட்ல இருக்காங்க மேம்?" என்று கேட்டாள். மோர்சாதம் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேற?" என்றாள். வேறு ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. எனக்கு அந்த கேமரா பிடித்திருந்தது. ப்ரேமனில் உட்கார்ந்து நேரில் பார்க்கலாம், யாரும் எதையும் பூசி மெழுக முடியாது. அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏண்டி, ஹாஸ்டல்ல சேக்கறதுக்கு அவ என்ன இன்ஜினியரிங்கா படிக்கறா?" அதோடு வேளச்சேரி முடிந்தது.

மிச்சம் இருந்தது செல்வி. வீட்டு வேலைக்குப் பல வருடமாக வருகிறவள். அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டையில் குடியிருந்தாள். அங்கிருந்த வீடுகளை அரசாங்கம் இடித்துவிட்டு எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பியபோது அவளும் போனாள். இன்றைக்கும் யாராவது கேட்டால் "நம்ம ஊரு சைதாப்பேட்டை" என்றுதான் சொல்வாள். அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் மாறி மாறி மந்தைவெளிக்கு வருகிறாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "இட்டுக்கினு போக்கா. மாமா இங்கியே குந்திக்கினு இன்னா பண்ணப் போறாரு? பூனைய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"மோர்சாதம் பிசைஞ்சு வெக்கணும் செல்வி, ரெண்டு வேளை."

செல்வி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். கூடத்தில் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மோர்சோறு துன்னுட்டு எந்தப் பூனைக்கா உயிரோட இருக்கும்? தெனம் நெத்திலி எட்தாந்து போடறேன், கீழ மோட்டார் ரூமாண்ட."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? மேல வந்து வாய நக்கிக்கினு அவரு காலாண்டதான் ஒக்காரும். வாடை வராதா? கேக்க மாட்டாரு. நானும் சொல்ல மாட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் எத்தனை நளினமாக ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கிறது! அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், பூனையும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மோர்சாதத்தை நாலு நக்கு நக்கிவிட்டுப் போகிறது. இதை நான் ப்ரேமனில் பல பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தத் திறமை ஒருநாள் என்மேலேயே பாயும் என்று அப்போது தோன்றவில்லை.

அப்பா ப்ரேமனுக்கு வந்தார். ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் கோடையைப் பார்த்து, "இந்த ஊர்ல சூரியனுக்கு ஓவர்டைம் கொடுப்பாளா?" என்றார். தினமும் காலையில் காப்பி குடித்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். செல்வி மந்தைவெளி வீட்டில் இருக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் கூப்பிடுவார். வீடியோ வேண்டாம் என்றுவிட்டார். பூனைக்குப் போனில் முகம் தெரியாது, குழம்பிப் போகும் என்பது அவர் கட்சி. பேசி முடித்து உள்ளே வந்ததும் எனக்கு அறிக்கை வரும். "சாப்பிட்டாளாம். நன்னா தூங்கினாளாம். கவலைப்பட ஒண்ணுமில்லை." ஒரு வார்த்தை கூடாது, குறையாது. நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "சரிப்பா" என்பேன். ஆரம்பத்தில் செல்வி இரண்டு மூன்று படம் அனுப்பினாள். பிறகு வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அவள் போனில் டேட்டா தீர்ந்துபோய்விட்டதாம் என்றார் அப்பா. எனக்கு அலுவலகத்தில் வேலை அதிகம். நான் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

வந்த இரண்டாவது வாரத்துக்கப்புறம் அவர் ஹைக்கேயோடு வெளியே போக ஆரம்பித்தார். ஊர் ஓரத்தில் ஹைக்கேக்கு ஒரு துண்டு தோட்டம் உண்டு. அந்த ஊரில் மாடிவீட்டுக்காரர்கள் பலர் அப்படி ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துத் தக்காளியும் பூச்செடியும் போடுவார்கள். அப்பா வங்கி இங்கிலீஷில் பேசுவார், ஹைக்கே பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் பதில் சொல்வார். சாயங்காலம் அப்பா நகத்தில் மண்ணோடு திரும்பி வருவார். நான் பூரித்துப்போனேன். அப்பா இங்கே பொருந்திவிட்டார், இனி வருஷா வருஷம் வருவார் என்று தோழிகளுக்கு எழுதினேன். ஒருநாள் ஹைக்கே வெள்ளைப்பூ பூத்த ஒரு சின்னத் தொட்டியை என் கையில் கொடுத்து, "உன் அப்பாவுக்கு" என்று சொல்லி, தாழ்ந்த குரலில், "மைன் பைலைட்" என்றார். என் அனுதாபங்கள் என்று அர்த்தம். சாவுக்குச் சொல்கிற வார்த்தை. அம்மாவுக்குத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான்கு வருடம் ஆகிவிட்டதே என்று தோன்றினாலும், அப்பாவை இப்போதுதானே பார்க்கிறார், முறைப்படி சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். தொட்டியை அப்பா அறை ஜன்னலில் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினார்.

மூன்று மாதம் முடிந்து நானே அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன், ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவதாக. செல்வி கதவைத் திறந்து வைத்திருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றி, கால் அலம்பி, சாமி அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எனக்குத்தான் பரபரப்பு. "பட்டு எங்கே?" என்றேன்.

"கீழ போயிருக்கும்க்கா" என்றாள் செல்வி.

"வரும், வரும்" என்றார் அப்பா.

அன்று முழுவதும் வரவில்லை. மறுநாள் காலையில் பால் காய்ச்சியபோது, பட்டுவின் கிண்ணம் வழக்கமாக இருக்கும் இடத்தில் இல்லை என்பதைப் பார்த்தேன். அப்பா காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் பிரிந்திருந்த பூனையை ஒரு தடவைகூட அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றிய அந்த நேரத்தில்தான் போன் அதிர்ந்தது. ஹைக்கே. 'நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பூனை இல்லாத வீட்டுக்குள் நுழைவது உன் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அவரைப் பார்த்துக்கொள்.'

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுதினேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. 'அவரே சொன்னாரே, தோட்டத்தில் வைத்து. என் ஓட்டோ போனதையும் நான் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். உன் கையில்தானே அந்தப் பூந்தொட்டியைக் கொடுத்தேன்?'

மந்தைவெளி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, அந்த வீட்டுப் பூனை செத்துப்போனதை நான் ப்ரேமனிலிருந்து தெரிந்துகொண்டேன்.

செல்வியைப் பின்பால்கனிக்குக் கூப்பிட்டேன். அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், துணிக் கூடையைக் கீழே வைத்தாள். "நீங்க போய் ரெண்டு வாரம்கூட ஆவலக்கா. காலைல வந்து பாக்கறேன், மோட்டார் ரூமாண்ட படுத்துக்கினு கீது. தூங்குதுன்னு நெனச்சேன். பக்கத்து பில்டிங்ல எலி மருந்து வெச்சிருந்தாங்க. மருந்து துன்ன எலியத் துன்னுருக்கும் போல."

"அப்பாகிட்ட எப்போ சொன்னே?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். அப்பால, அக்காவுக்குத் தெரிய வேணாம், நான் தெனம் போன் பண்றேன், நீ எடுத்துப் பேசுன்னாரு."

"தினம் என்ன பேசினே?"

"இன்னா பேசறதுன்னு நானும் கேட்டேன். எதனா பேசுன்னாரு. எங்க பிளாக்குல லிப்ட் ஓடாதது, தண்ணி வராதது, பஸ்ஸுல நின்னுக்கினே வரது, எம்மாமியாரு சண்ட, எல்லாம் சொல்லுவேன். அவரு அந்தாண்ட 'சாப்டாளா, சரி சரி'ம்பாரு. மொத ரெண்டு நாளு சிரிப்பா வந்துச்சுக்கா. அப்பால அழுகையா வந்துச்சு."

எங்கே புதைத்தாய் என்று கேட்டேன். அவள் கீழே கையைக் காட்டினாள். கார் நிறுத்துகிற இடம், நடைபாதை, சுற்றுச்சுவர் ஓரம் எல்லாம் சிமெண்ட். "இங்க எங்க மண்ணு கீது? குப்ப வண்டில போட மனசு வரல. பைல வெச்சு பஸ்ஸுல எங்க வூட்டாண்ட எட்துக்கினு போய்ட்டேன். பின்னால ஏரியாண்ட பொதச்சேன்." நெத்திலி வாங்கி வரும் அதே பையா என்று நான் கேட்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்து செல்வியை அனுப்பிய அதே இடத்துக்குப் பட்டுவும் போயிருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அது பூனைக்கு மட்டுமான அழுகை இல்லை.

நான் ஒவ்வொரு காலையாக எண்ணிப் பார்த்தேன். அப்பா பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற காலைகள். ஒருநாள் மட்டும் அவர் உள்ளே வர நேரமானது. வந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் பொருந்திவிட்டார் என்று நான் தோழிகளுக்கு எழுதிய நாட்களில் அவர் துக்கத்தில் இருந்தார். அந்தத் துக்கத்தை எதிர்வீட்டில் கொண்டுபோய் இறக்கி வைத்திருக்கிறார். என் வீட்டில் வைக்க இடமில்லை என்று நினைத்திருக்கிறார்.

கூடத்துக்குப் போய் அவர் எதிரில், பட்டு படுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

அவர் பேப்பரை மடித்தார். மறுக்கவில்லை. "சொல்லி? நீ ஒக்காந்து அழுதுண்டிருப்பே. இல்லேன்னா, நான்தானே பிடிவாதமா இழுத்துண்டு வந்தேன், அதனாலதான் போச்சுன்னு மனசுல வெச்சுண்டு மருகுவே. அவ்வளவு ஆசையா கூட்டிண்டு போனே. எதுக்கு அதைக் கெடுக்கணும்?"

"ஹைக்கேகிட்ட சொன்னேளே."

"அவ அன்னிய மனுஷி. அவகிட்ட சொன்னா அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை."

"அம்மா போனப்பவும் இப்படித்தான். சீரியஸ்னு சொன்னேள்."

"நீ தூரத்துல இருக்கறவ. வழியெல்லாம் தனியா அழுதுண்டு வரணுமா? அதுக்குத்தான்."

"இப்போ நான் தூரத்துல இல்லையேப்பா. அடுத்த ரூம்லதானே இருந்தேன்!" என் குரல் உயர்ந்துவிட்டது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

அப்பா இதை நிஜமாகவே யோசித்தார். யாரோ முதல் தடவையாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "இருந்தே" என்றார். பிறகு, "எங்க இருந்தா என்ன, நீ வெளியூர்க்காரிதானேம்மா" என்றார். கோபமில்லை, குற்றம் சொல்லவில்லை. சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிற குரல். அதோடு, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, இன்னொன்றும் சொன்னார்: "எலியெல்லாம் இல்லை. செல்வி ஏதோ சொல்றா. பட்டு எலியைத் தொடவே மாட்டா. வயசாயிடுத்து, அவ்வளவுதான்."

என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் பணம் அனுப்புகிறோம், மாத்திரை அனுப்புகிறோம், வருடம் ஒருமுறை பெட்டி நிறைய சாக்லேட்டோடு வந்து இறங்குகிறோம். நமக்கு ஊரிலிருந்து வருவதெல்லாம் வடிகட்டிய சேதி. கசப்பு, கசடு எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திக்கொண்டு தெளிவாக நமக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், அதனால் சண்டைபோடவும் முடியாது. தூரம் ஒரு கணக்கு, டிக்கெட் வாங்கினால் அது தீர்ந்துவிடும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அப்பாவை என் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டேன். தீரவில்லை. இனி தீருமென்றும் எனக்குத் தோன்றவில்லை.

மிச்சம் இருந்த நாட்களில் நான் அந்த வீட்டில் போலீஸ்காரி மாதிரி திரிந்தேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு எவர்சில்வர் கம்பி அடித்திருந்தது. போன தடவை வந்தபோதும் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. "எப்போப்பா போட்டது?" என்றேன். "எல்லாரும் வெச்சுக்கறா. நானும் வெச்சுண்டேன்" என்றார். துணி உலர்த்தும்போது இடது கையை வலது கையால் தாங்கித் தூக்குகிறாரோ என்று தோன்றியது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சாதாரணமாகத் தூக்கினார். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகலாமா என்றேன். முன்பெல்லாம் ஈர மணலில் என்னைவிட வேகமாக நடப்பவர், "கூட்டமா இருக்கும், நீ போயிட்டு வா" என்றார். மாடி வீட்டு மாமியிடம், அப்பா எங்கேயாவது விழுந்தாரா என்று நேராகவே கேட்டேன். மாமி ஒரு நொடி தாமதித்து, "அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார்!" என்றாள். அந்த ஒரு நொடியை நான் இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சோப்பு ஈரம் அப்படியே இருந்தது. "செல்வி, எதுவானாலும் எனக்குச் சொல்லணும். அவர் சொல்லாதேன்னு சொன்னாலும் சொல்லணும். நான் அழுவேன், பரவாயில்லை."

"கண்டிப்பா சொல்றேன்க்கா. உங்கைல சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறேன்?" அவள் கண்ணில் கபடமே இல்லை. நான் வந்து இறங்கிய அன்று, கீழே போயிருக்கும் என்று வாசலில் நின்று சொன்னபோதும் அதே கண்தான், அதே முகம்தான். அவள் பின்னால் கூடத்தில் அப்பா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் கிளம்பினேன். அப்பா கீழே வரவில்லை; பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்ஸி திரும்பும்வரை வலது கையைத்தான் ஆட்டினார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி உள்ளே விட்டபிறகு, ஜன்னலோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். கைப்பையில் இரண்டு வீட்டுச் சாவிகளும் ஒரே வளையத்தில் கிடந்தன. ஒன்றின் மாற்றுச்சாவி ஹைக்கேயிடம், இன்னொன்றின் மாற்றுச்சாவி செல்வியிடம். கண்ணாடிக்கு வெளியே பரங்கிமலை வெயிலில் நின்றது. மந்தைவெளி அங்கிருந்து கூப்பிடு தூரம். சட்டப்படி நான் ஏற்கெனவே நாட்டை விட்டு வெளியே போய்விட்டவள். விமானம் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

உடனே எடுத்தார். "உள்ள போயிட்டியா?" என்றார்.

"போயிட்டேன். நீங்க என்னப்பா பண்றேள்?"

பின்னணியில் செல்வி பாத்திரம் போடும் சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டாச்சு. நன்னா ஒரு தூக்கம் போட்டாச்சு. கவலைப்பட ஒண்ணுமில்லை."